போரில் உறுப்பிழந்தோர் சங்கங்கள் – தோற்றமும் தொடக்கமும்

நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர்கள், சங்க இலக்கியத்திலிருந்து ஏதேனும் எழுதித் தருவேன் என்றே எதிர்பார்த்திருப்பார்கள். நானும் அவ்வாறுதான் தொடங்கினேன். புறநானூற்றில் விழுப்புண் பற்றி வரும் பாடல்களைத் தொகுத்துக்கொண்டிருந்தபோது, முன்பொருமுறை வகுப்பில் ஒரு மாணவி கேட்ட வினா நினைவுக்கு வந்தது. "மார்பில் புண்பட்டு இறந்தவனுக்கு நடுகல் இருக்கிறது. முதுகில் புண்பட்டவனுக்குப் பழி இருக்கிறது. கையோ காலோ போய், பிழைத்து ஊருக்கு வந்தவனுக்கு என்னம்மா இருக்கிறது?" அன்று நான் விடை கூறவில்லை. மணி அடித்ததைச் சாக்காக வைத்துக்கொண்டு வகுப்பை முடித்துவிட்டேன்.

விடை அறவே இல்லை என்பதற்கில்லை. காஞ்சித் திணையின் துறைகளுள் ஒன்றாகத் தொடாக் காஞ்சியைத் தொல்காப்பியர் கூறுகிறார். புண்பட்டுக் கிடக்கும் கணவனைப் பேய் தீண்டாதவாறு மனைவி காத்து நிற்பது அத்துறை. அரிசில் கிழாரின் புறப்பாடல் ஒன்றில் வேம்பு செருகிய வீடும் அவ்வீட்டில் புண்ணோனைக் காக்கும் பெண்களும் காட்சி தருகின்றனர். ஆனால் அந்த இரவு விடிந்த பின் நடந்தது பாட்டில் இல்லை. புண் ஆறிய பின் அவன் எதைச் செய்து பிழைத்தான், அவள் எத்தனை ஆண்டுகள் அவனுக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள் என்பன நம் புலவர்களுக்குப் பாடுபொருளாகத் தோன்றவில்லை.

வேலூர் நீண்ட கடைத்தெருவில் உள்ள மணிக்கூண்டைப் பார்த்தவர்கள் அதிலுள்ள கல்வெட்டையும் பார்த்திருக்கக்கூடும். 1914 முதல் நடந்த பெரும்போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றனர், அவருள் 14 பேர் உயிர் நீத்தனர் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள். சென்றவர் எண்ணும் மாண்டவர் எண்ணும் அதில் உண்டு. கழித்துப் பார்த்தால் 263 பேர் திரும்பியிருக்க வேண்டும். அவர்களுள் முழு உடலோடு திரும்பியவர் எத்தனை பேர் என்ற மூன்றாவது எண்ணைக் கல்வெட்டு கூறவில்லை. நடுகல் மரபும் இந்த நவீனக் கல்வெட்டும் இவ்வொன்றில் ஒத்துப்போகின்றன. அந்த மூன்றாவது எண்ணுக்கு உரியவர்கள் தாமே ஒன்றுகூடித் தம்மை எண்ணிக் காட்டிய வரலாறு அதே போரில் ஐரோப்பாவில் தொடங்கியது. இக்கட்டுரை அதைப் பற்றியது.

அதற்கு முன்னும் ஐரோப்பிய அரசர்கள் உறுப்பிழந்த வீரர்களை முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. பிரான்சில் பதினான்காம் லூயி மன்னன் 1670-இல் ஆணையிட்டுப் பாரிசில் கட்டுவித்த அன்வாலிட் மாளிகையில் 1674-இல் முதல் வீரர்கள் குடியேறினர். இங்கிலாந்தில் இரண்டாம் சார்லசு 1682-இல் செல்சியில் தொடங்கிய மருத்துவ இல்லம் பத்தாண்டுகள் கழித்துத் திறக்கப்பட்டது. பிரசிய மன்னன் இரண்டாம் பிரெடரிக் 1748-இல் பெர்லினில் ஒன்று அமைத்தான். 'புண்பட்டும் தோலாத வீரனுக்கு' என்ற பொருளில் அதன் முகப்பில் இலத்தீனில் எழுதுவித்தான். அழகான தொடர்தான். ஆனால் மாளிகைக்குள் மடத்து வாழ்க்கையும் படைவீட்டு ஒழுங்கும் கலந்திருந்தன. உணவுக்கு மணி, வழிபாட்டுக்கு மணி, வெளியே செல்ல இசைவு. பாரிசுத் தெருக்களில் பிச்சையெடுத்துத் திரியும் பழைய வீரர்கள் அரசனின் புகழுக்கு இழுக்கு என்பதும் அம்மாளிகை எழுந்த காரணங்களுள் ஒன்று. அவர்களைக் காப்பதும் அவர்களைக் கண்ணுக்கு மறைப்பதும் ஒரே கட்டடத்தால் நிறைவேறின. இம்மாளிகைகளை நான் இகழவில்லை. அவற்றில் உணவு உண்டவர்கள் பல்லாயிரவர். ஆயினும் அவர்களுடைய குரல் ஒன்றேனும் மாளிகையின் வரலாற்றில் கேட்பதில்லை. அவர்களுக்காகப் பிறர் பேசினர், பிறர் கட்டினர், பிறரே கல்லில் எழுதினர்.

மாளிகையில் இடம் பெறாதவர்களுக்கு ஓய்வூதியம் உண்டு. அதைப் பெறும் வழியில்தான் முள் கிடந்தது. பிரான்சில் 1831-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தன் ஊனம் படைப்பணியால்தான் வந்தது என்பதை வீரனே மெய்ப்பிக்க வேண்டும். காசுக்காகப் பணிபுரியும் சிறு படையை மனத்தில் கொண்டு இயற்றிய சட்டம் அது. 1914-இல் நாட்டின் உழவரும் தச்சரும் ஆசிரியரும் ஒருசேரப் போருக்குச் சென்றபோதும் அதே சட்டமே நடப்பில் இருந்தது. குண்டு வெடித்த பள்ளத்தில் நினைவிழந்து கிடந்தவன் எந்தச் சான்றை, யாரிடமிருந்து வாங்கி வருவான்? சான்றளிக்க வேண்டிய அதிகாரி அதே பள்ளத்தில் மாண்டு கிடந்திருப்பான்.

போர் இவர்களைப் பெருந்தொகையினராக்கியதற்கு இரண்டு காரணங்களைக் கூறலாம். ஒன்று, பீரங்கியும் இயந்திரத் துப்பாக்கியும் முன்னெப்போதும் இல்லாத அளவில் உடல்களைச் சிதைத்தன. மற்றொன்று, மருத்துவம் வளர்ந்திருந்தது. முன்னைய போர்களில் இறந்திருக்கக்கூடியவர்கள், அறுவை மருத்துவத்தாலும் இசிவு நோய்க்கான ஊசி மருந்தாலும் பிழைத்தார்கள். பிரித்தானியப் படையில் மட்டும் ஏறத்தாழ 41,000 பேர் கையோ காலோ துண்டிக்கப்பட்டுத் திரும்பினர். இவர்களுக்கு எந்த மாளிகையும் போதாது. மேலும் இவர்கள் எழுத்தறிந்தவர்கள், வாக்குரிமையை அறிந்தவர்கள், ஊரில் தொழிற்சங்கமும் கூட்டுறவும் கண்டவர்கள். மாதக்கணக்கில் ஒரே மருத்துவக் கூடத்தில் அருகருகே படுத்துக் கிடந்தார்கள். சங்கங்களுக்கு முதல் விதை அந்தக் கட்டில்களுக்கு இடையில்தான் விழுந்தது.

இவ்விடத்தில் இருவரை அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறேன். ஒருவர் பிரெஞ்சுக்காரர், மற்றவர் ஜெர்மானியர். இருவரும் 1887-இல் பிறந்தவர்கள், சட்டம் பயின்றவர்கள், யூதக் குடும்பத்தவர். இருவரும் எதிரெதிர்ப் படைகளில் நின்று புண்பட்டார்கள்.

முதலாமவர் ரெனே கசேன். 1914 அக்டோபரில், நாட்டின் வடகிழக்கில் வயிற்றில் குண்டு பாய்ந்து வீழ்ந்தார். தம் படைப்பிரிவுக்கு உரிய மருத்துவமனையிலேயே சிகிச்சை பெற வேண்டும் என்பது விதி. அம்மருத்துவமனையோ தென்கோடியில், மத்தியதரைக் கடற்கரையிலுள்ள ஆந்திப் நகரில் இருந்தது. குண்டடிபட்ட வயிற்றோடு நாடு முழுவதையும் கடந்து அங்கே சென்றார். பிழைத்தது வியப்பு. வாழ்நாள் முழுதும் வயிற்றுக்கு இறுக்கு கச்சை அணிந்தே நடமாடினார். படையலுவலகத்தின் விதி மனித உடலை எப்படி நடத்தும் என்பதை அவர் நூல்களில் படித்து அறிய வேண்டியிருக்கவில்லை. பிரான்சில் 1915 முதலே உறுப்பிழந்தோர் சங்கங்கள் தோன்றிவிட்டன. ஊர்தோறும் முளைத்த அவை 1918-இன் தொடக்கத்தில் ஒரு கூட்டு ஒன்றியமாக இணைந்தன. அவ்வொன்றியத்தை வளர்த்தெடுத்தவர்களுள் கசேன் முதன்மையானவர்.

அவர்கள் கேட்டது ஒரு சொல்லை மாற்றுவதைத்தான் எனலாம். அதுவரை சட்டத்தின் நடை 'உதவி' என்பதாக இருந்தது. அதை 'ஈடு' என்று மாற்றக் கோரினார்கள். உதவி, கொடுப்பவனின் மனத்தைப் பொறுத்தது. ஈடு, பெறுபவனின் இழப்பைப் பொறுத்தது. 1919 மார்ச் 31-ஆம் நாள் நிறைவேறிய ஓய்வூதியச் சட்டம், போரில் ஊனமுற்றோருக்கு ஈடு பெறும் உரிமை உண்டு என்று வெளிப்படையாக அறிவித்தது. மெய்ப்பிக்கும் சுமையும் இடம் மாறியது. வீரனின் ஊனம் பணியால் வந்ததென்றே கொள்ளப்படும். அன்று என மறுக்க வேண்டுமானால் அரசுதான் சான்று காட்ட வேண்டும். நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் கவிதை வரலாற்றில் அப்போரைப் பற்றிய பாட்டுகளைத் தேடிப் படிக்கும் நாம், இந்த ஒரு சட்டப் பிரிவையும் ஒருமுறை படிக்கலாம். சொல்லுக்கு உள்ள ஆற்றலைக் கவிஞர்கள் மட்டும் அறிந்திருக்கவில்லை என்பது தெரியும்.

பிரிட்டனில் தொடக்கம் வேறு வகையில் அமைந்தது. 1916-இல் பிளாக்பர்ன் நகரில் ஒரு சங்கம் எழுந்தது. 1917 ஏப்ரலில் மற்றொரு கூட்டமைப்பு உருவானது. அதன் பிறப்புக்குக் காரணம், உடற்குறையால் விடுவிக்கப்பட்டவர்களையும் மறுபடி சோதித்துப் படைக்கு அழைக்க இடமளித்த புதிய சட்டம். ஒருமுறை புண்பட்டு வந்தவனை இரண்டாம் முறை அனுப்பாதே, ஒருமுறையும் போகாதவன் இருக்கிறான் என்பது அவர்கள் வாதம். 'கருணைக்கு முன் நீதி' என்பது அவர்கள் முழக்கம். அவ்வாண்டு ஜூனில் லிவர்பூல் நகரத் தொகுதி ஒன்றில் இடைத்தேர்தல் வந்தது. அரசுத் தரப்பு வேட்பாளர் போர் அமைச்சர் டெர்பி பிரபுவின் மகன். அவரை எதிர்த்து இக்கூட்டமைப்பு, படையிலிருந்து விடுவிக்கப்பட்ட பிராங்க் ஹியூசு என்பவரை நிறுத்தியது. ஹியூசு தோற்றார். ஆனால் மேல்தட்டினர் விழித்துக்கொண்டனர். சில வாரங்களிலேயே நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் முன்னின்று, அரசுக்கு இணக்கமான மூன்றாவது அமைப்பொன்றைத் தொடங்கினார். ஒன்றோடொன்று பூசலிட்ட இவை, 1921 மே 15-ஆம் நாள் மற்றோர் அதிகாரிகள் அமைப்புடன் சேர்ந்து பிரித்தானியப் படையணிச் சங்கமாக ஒன்றாயின. ஒற்றுமை நல்லதுதான். எனினும், தேர்தலில் அமைச்சரின் மகனை எதிர்த்து நின்ற அந்தக் கூர்மை அதன்பின் மழுங்கிவிட்டது என்பது என் கருத்து. அவ்வாண்டே தொடங்கிய பாப்பிப் பூ விற்பனையும், 1922-இல் மேஜர் ஹவுசன் ஐந்து உறுப்பிழந்த வீரர்களைக் கொண்டு தொடங்கிய பூப் பட்டறையும் உலகப் புகழ் பெற்றன. ஒற்றைக் கையாலேயே செய்து முடிக்கும் வகையில் அப்பூவை வடிவமைத்திருந்தார்கள். ஆனால் பூ, கருணையின் பக்கத்தைச் சேர்ந்தது. அந்த முழக்கத்தில் முன்னால் நின்றது நீதியல்லவா?

கண்ணிழந்தோருக்கென அங்கே எழுந்த புனித டன்சுடன் இல்லம் வேறொரு பாடம். பார்வையிழந்த செய்தித்தாள் அதிபர் ஆர்தர் பியர்சன் 1915-இல் அதைத் தொடங்கினார். 1916-இல் சோம் போர்க்களத்தில் பார்வையிழந்து அங்கே வந்து சேர்ந்த இயன் பிரேசருக்கு அப்போது வயது 18. பியர்சன் 1921-இல் இறந்ததும் இந்த இளைஞரே தலைவரானார். 1974 வரை அவரே தலைவர். கண்ணிழந்தவரே தொடங்கி, கண்ணிழந்தவரிடமே ஒப்படைத்துச் சென்ற அமைப்பு அது. எனவே அதை மாளிகைகளின் வரிசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்திய வீரர்களுக்கு அக்காலத்தில் வாய்த்தது ஒரு பள்ளி. பம்பாய் ஆளுநரின் மனைவி வில்லிங்டன் சீமாட்டி 1917-இல் அரசி மேரியின் பெயரால் தொடங்கிய தொழிற்பள்ளி, பின்னர்ப் புனேயை அடுத்த கிர்க்கிக்கு மாறி இன்றும் பணியாற்றி வருகிறது. தையலும் தச்சும் இயந்திர வேலையும் கற்றுத் தந்த நல்ல பள்ளி. எனினும் அதுவும் பிறர் கட்டியதே.

முகம் சிதைந்தவர்களின் கதையைச் சற்று விரிவாகவே கூற வேண்டும். பதுங்குகுழிப் போரில் குழிக்கு மேலே முதலில் தெரிவது தலை. பிரான்சில் மட்டும் ஏறத்தாழ 15,000 பேர் முகத்தில் கடும் சிதைவோடு பிழைத்தனர். தாடை இல்லாதவர், மூக்கு இல்லாதவர், பேச இயலாதவர், குழாய் வழியே நீர்மம் மட்டுமே உண்பவர் என்று பாரிசு வால்-த-கிராசு மருத்துவமனையின் ஒரு பிரிவே நிறைந்திருந்தது. இத்தகையோர் இருந்த கூடங்களில் கண்ணாடி வைப்பதில்லை. பிரித்தானிய ஓய்வூதிய அட்டவணையில் மிகக் கடுமையான முகச்சிதைவுக்கு இரு கால்களை இழந்தவனுக்கு நிகராக நூறு விழுக்காடு வைத்திருந்தார்கள். அதே அட்டவணையில் வலக்கைக்கு ஒரு விலையும் இடக்கைக்குச் சற்றுக் குறைந்த விலையும் இருந்தன. பிரான்சில் நிலைமை வேறு. கைகால் இயங்குமானால் உழைக்கலாமே என்ற கணக்கில், முகம் சிதைந்தது தனியே ஊனமாகத் தொடக்கத்தில் மதிக்கப்படவில்லை. உழைக்கலாம்தான். அந்த முகத்தோடு வருபவனுக்கு யார் வேலை தருவார் என்பது கணக்கில் சேரவில்லை.

1919 ஜூன் 28-ஆம் நாள் வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் உடன்படிக்கை கையெழுத்தானபோது, பிரதமர் கிளெமென்சோவின் விருப்பப்படி முகம் சிதைந்த ஐந்து வீரர்கள் மேசைக்கு அருகில் நிறுத்தப்பட்டனர். அவர்களைத் தேர்ந்தெடுத்தவர் அல்பேர் ஜுகோன். 1914-இலேயே முகமும் தொண்டையும் சிதைந்து, வால்-த-கிராசில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர். ஜெர்மானியத் தூதர்கள் அவர்களைப் பார்த்தே கையெழுத்திட வேண்டும் என்பது ஏற்பாடு. கண்ணாடியே இல்லாத கூடங்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள். அன்று அவர்கள் பேசவில்லை. பேச அழைக்கப்படவும் இல்லை. சான்றுப் பொருளாக நின்றார்கள். நடுகல் நிற்பது போல என்றும் கூறலாம். ஆனால் நடுகல்லுக்கு மறுநாள் காலைப் பசி இல்லை.

இரண்டாண்டுகள் கழித்து, 1921 ஜூனில், அந்த ஜுகோனும் அவர் போன்ற வேறு சிலரும் சேர்ந்து 'முகத்திலும் தலையிலும் புண்பட்டோர் ஒன்றியம்' கண்டார்கள். கர்னல் ஈவ் பிக்கோ தலைவரானார். 1917-இல் ஒரு கண்ணை இழந்தவர், நாடாளுமன்ற உறுப்பினர். ஒன்றியத்தின் முறையான பெயரை யாரும் வழங்குவதில்லை. 'கேல் காசே' என்றே அவர்கள் தம்மைக் கூறிக்கொண்டார்கள். முகத்துக்கு 'விசாஜ்' என்ற மதிப்பான சொல் பிரெஞ்சில் உண்டு. 'கேல்' என்பது விலங்கின் வாயைக் குறிப்பது. மனிதருக்குக் கூறினால் நம் 'மூஞ்சி' என்பதன் தொனி. ஆகவே 'உடைந்த மூஞ்சிகள்' என்று பெயர்க்கலாம். போரில் புண்பட்டோருக்கான விழாவொன்றுக்குச் சென்ற பிக்கோவிடம் அழைப்பிதழ் இல்லாததால் வாயிலோன் தடுத்தான் என்றும், தமக்குப் பின் வந்த ஒருவர் "நாடாளுமன்ற உறுப்பினர்" என்ற ஒரு சொல்லால் உள்ளே சென்றதைக் கண்டவர் திரும்பி வந்து "உடைந்த மூஞ்சி" என்று அதிகாரத்தோடு கூறி நுழைந்தார் என்றும் ஒரு கதை அவர்களிடையே வழங்கிவருகிறது. கதை முழுதும் மெய்யோ, சற்றே மெருகேறியதோ, பெயர் நிலைத்துவிட்டது.

நம் காலத்திலேயே 'ஊனமுற்றோர்' என்ற சொல் போய் 'மாற்றுத்திறனாளி' வந்தது. நல்லெண்ணத்தோடு வந்த சொல், அதில் ஐயமில்லை. பிக்கோவின் தோழர்கள் எதிர்த்திசையில் சென்றார்கள். தெருவில் பிறர் பின்னாலிருந்து கூறக்கூடிய கடுஞ்சொல்லைத் தாமே முன்னால் கூறிவிட்டார்கள். இரண்டில் எது சிறந்தது என்று நான் தீர்ப்புக் கூறப்போவதில்லை. பெயரை இட்டவர் யார் என்பது மட்டும் இரண்டிலும் வேறுபடுகிறது. 'இருப்பினும் புன்னகை' என்ற பொருள்படும் தொடரை அவர்கள் தம் குறிக்கோளாக வைத்துக்கொண்டார்கள். உதடே இல்லாதவர்கள் பலர் அதில் உறுப்பினர்.

அவர்களுக்குத் தேவைப்பட்டது ஓர் இடம். பிறர் விழித்துப் பார்க்காமல் உண்ணவும் உலவவும் ஓர் இடம். பாரிசுக்கு வடகிழக்கே மூசி-லெ-வியூ என்ற ஊரில் ஒரு பழைய மாளிகையை வாங்கினார்கள். 1927-இல் குடியரசுத் தலைவர் துமேர்க் அதைத் திறந்து வைத்தார். அன்வாலிட் மாளிகைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கூற வேண்டியதில்லை. இங்கே சாவி உள்ளே இருப்பவர்களிடம் இருந்தது. பணத்துக்காக 1931-இல் ஒரு பரிசுச் சீட்டுத் திட்டம் நடத்தினார்கள். அதற்கு இட்ட பெயர் 'கடன்'. சீட்டு வாங்கியவன் அறம் செய்யவில்லை, பட்ட கடனைத் திருப்புகிறான் என்பது உட்கிடை. 1933-இல் பிரெஞ்சு அரசே தேசியப் பரிசுச் சீட்டு தொடங்கியபோது இவர்கள் அதில் பங்கேற்றனர். அதன் வழிவந்த நிறுவனத்தில் இவ்வொன்றியத்துக்கு இன்றும் பங்குரிமை உண்டு. பரிசுச் சீட்டால் குடும்பங்கள் சீரழிந்ததைக் கண்ட நம் நாட்டவருக்கு இது சற்று உறுத்தும். எனக்கும் உறுத்தியது. அதை மறைக்க விரும்பவில்லை.

இனி அந்த இரண்டாமவர். எரிக் குட்னர் பெர்லின் சமூக ஜனநாயகக் கட்சி நாளேட்டின் இதழாளர். வெர்டன் போரில் புண்பட்டுத் திரும்பி, 1917 மே மாதம் பெர்லினில் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். ரைக்சுபண்ட் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அதன் முழுப் பெயரில் உறுப்பிழந்தோரும் போரில் கலந்துகொண்டோரும் மட்டுமன்றி, இறந்த வீரரின் கைம்பெண்களும் பிள்ளைகளும் இடம்பெற்றனர். தொடாக் காஞ்சியில் பேயோட்டி நின்றவள் இங்கே உறுப்பினர் பட்டியலில் வந்துவிட்டாள். நான் படித்தவரையில் இது எனக்குப் பெருமகிழ்ச்சி தந்த செய்தி. தோற்ற நாட்டில் துயரம் இருமடங்கு. 1918 டிசம்பரில் ஊன்றுகோல்களோடும் சக்கர நாற்காலிகளோடும் ஆயிரக்கணக்கானோர் பெர்லின் தெருக்களில் ஊர்வலம் சென்றனர். 1919 ஏப்ரலில் டிரசுடன் நகரில், படிப்பணம் குறைக்கப்பட்டதென்ற சினத்தில் புண்பட்ட வீரர்களின் கூட்டமொன்று சாக்சனியின் போர் அமைச்சர் நொய்ரிங்கை எல்பு ஆற்றில் தள்ளிச் சுட்டுக் கொன்றது. உறுப்பிழந்தோரைச் சாந்த உருவங்களாகவே காண விரும்புவோர் இதையும் அறிய வேண்டும். 1920-இல் ஓய்வூதியச் சட்டமும், கடும் ஊனமுற்றோருக்கு வேலை தருமாறு முதலாளிகளைக் கட்டாயப்படுத்தும் சட்டமும் வந்தன. அவ்வாண்டே குட்னர் பெர்லின் மருத்துவமனைகளில் இன்னும் மறைந்து கிடந்த முகம் சிதைந்தோரைக் கண்டு எழுதிய கட்டுரைக்கு 'மறக்கப்பட்டோர்' என்ற பொருளில் தலைப்பிட்டார். அவர்களுக்குப் பிரெஞ்சுக்காரர்களைப் போல ஒரு மாளிகையும் வாய்க்கவில்லை, பெயரும் வாய்க்கவில்லை.

1920-களின் நடுவில் வியப்பான ஒன்று நிகழ்ந்தது. ஒருவரையொருவர் சுட்டவர்கள் ஜெனிவாவில் கூடினார்கள். போரில் ஒரு கையை இழந்து, அப்போது உலகத் தொழிலாளர் அலுவலகத்தில் பணியாற்றிய அத்ரியன் திக்சியே அதற்கு வழி வகுத்தார். கசேனின் ஒன்றியமும் குட்னர் தொடங்கிய சங்கமும் அந்த மாநாட்டில் ஒரே மேசையில் அமர்ந்தன. செயற்கைக் கால்களின் தரம், பயணக் கட்டணம், எல்லை கடந்து வாழ்வோரின் ஓய்வூதியம் போன்ற எளிய செய்திகளிலிருந்து அமைதியைக் காப்பது வரை பேசினார்கள். எளிய செய்திகளில் ஓரளவு வென்றார்கள்.

1933-இல் இட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியின் சங்கங்கள் யாவும் ஒரே நாஜி அமைப்பின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. ரைக்சுபண்ட் அதற்கு உடன்படாமல் தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. உறுப்பிழந்தோருக்குப் புதிய அரசு பதக்கங்களையும் அணிவகுப்பில் முன்வரிசையையும் தாராளமாகத் தந்தது. ஓய்வூதியம் அந்த அளவுக்கு உயரவில்லை. ஓட்டோ டிக்சு 1920-இல் தீட்டிய, ஊன்றுகோலோடு செல்லும் வீரர்களின் ஓவியத்தை 1937-இல் இழிந்த கலை என்று காட்சிக்கு வைத்து, பின்னர் அழித்தனர். யூதர்களான உறுப்பிழந்தோருக்கு, அவர்கள் ஜெர்மனிக்காக இழந்த கையும் காலும் நெடுநாள் காவலாக இருக்கவில்லை.

கசேன் 1940-இல் இலண்டன் சென்று தெகோலுடன் சேர்ந்தார். 1948-இன் மனித உரிமைப் பேரறிக்கையை வரைந்தவர்களுள் ஒருவராய், 1968-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். நாட்டை விட்டு வெளியேறிய குட்னர் ஆம்சுடர்டாமில் தங்கி, நெதர்லாந்தின் 1566-ஆம் ஆண்டுப் பஞ்சத்தையும் கிளர்ச்சியையும் பற்றி ஒரு வரலாற்று நூல் எழுதினார். நாஜிகள் அந்நாட்டைப் பிடித்த பின் கைதாகி, 1942 அக்டோபரில் மவுத்தாவுசன் முகாமில் கொல்லப்பட்டார். நூல் போருக்குப் பின் வெளிவந்தது. அவர் தொடங்கிய சங்கம் 1946-இல் ஆம்பர்க் நகரில் மறுபடி கூடியது. 1999-இல் பெயர் மாற்றிக்கொண்டு, போரைக் கண்டிராத ஊனமுற்றோரையும் முதியோரையும் சேர்த்துக்கொண்டு இன்றும் இயங்கி வருகிறது.